பேனலுக்கு 25 வருஷம், மாட்டுறவருக்கு எவ்வளவு?

சீயமங்கலம் என்று தலைப்பில் வந்தாலே மகேந்திரவர்மனின் குடைவரை, விசயாத்திரி மலைச் சமணச் சிற்பங்கள், கல்வெட்டு என்றுதான் இங்கே எழுதிக்கொண்டு வருகிறேன். இந்த முறை பாறையை விட்டுட்டு மொட்டை மாடிக்குப் போவோம்.

காரணம் இருக்கிறது. செஞ்சி, தேசூர், வந்தவாசி வட்டாரத்துல ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகள் நிறைய. கொஞ்ச நாளாக அவங்க கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, சோலார் கம்பெனியில கூப்பிடுறாங்க. போகலாமா?" நான் சாஃப்ட்வேர்க்காரன். இருபது வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவன். ஆனாலும் பி.இ. படித்தவன் என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கேட்கிறார்கள். "வளர்ற துறை தம்பி, போ" என்று சொல்லிவிடலாம். துறை வளர்றது உண்மைதான். துறை வளர்ந்தால் அதில் வேலை செய்கிறவரும் வளர்வாரா என்பது வேற கேள்வி. அதைத்தான் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

சோலார் கம்பெனி என்று ஒன்று கிடையாது

முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். "சோலார் கம்பெனி" என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள்ளே குறைந்தது நான்கு வகைத் தொழில்கள் இருக்கின்றன.

ஒன்று, பேனல் தயாரிக்கிற தொழிற்சாலை. தமிழ்நாட்டிலேயே பெரிய ஆலைகள் வந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3.3 ஜிகாவாட் அளவுக்குப் பேனல் செய்யும் திறன் கொண்டது. திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் குழுமத்தின் ஆலை 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இங்கே ஷிஃப்ட் உண்டு, கேன்டீன் உண்டு, கம்பெனி பஸ் உண்டு. வேலைக் கலாச்சாரம் கார் தொழிற்சாலை மாதிரிதான் இருக்கும்.

இரண்டு, மின்நிலையத்தின் சொந்தக்காரர். நிலம் வாங்கி, கடன் வாங்கி, மின்சாரத்தை விற்கிற நிறுவனம். இங்கே நிதி, சட்டம், திட்டமிடல் ஆட்கள்தான் அதிகம்.

மூன்று, கட்டிக் கொடுக்கிற நிறுவனம். இ.பி.சி. என்று சொல்வார்கள். டிசைன் போட்டு, பொருள் வாங்கி, சைட்டில் நிறுவிக் கொடுப்பது இவர்கள் வேலை. பெரிய மின்நிலையம் கட்டுகிறவர்களும் இதில் உண்டு, விழுப்புரத்தில் ஒரு சின்ன ஆபீஸ் போட்டு வீட்டு மாடிகளில் 3 கிலோவாட் மாட்டுகிறவர்களும் உண்டு.

நான்கு, பராமரிப்பு. கட்டி முடித்த பிறகு கழுவுவது, பழுது பார்ப்பது, கண்காணிப்பது.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வருகிற அழைப்பு பெரும்பாலும் மூன்றாவது வகையில் இருந்துதான். அதில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

கட்டும்போது ஐந்து பேர், கட்டிய பிறகு ஒருவர்

டெல்லியில் உள்ள சி.இ.இ.டபிள்யூ. என்ற ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் என்.ஆர்.டி.சி. அமைப்பும் சேர்ந்து 2017-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு மெகாவாட் சோலார் அமைக்க எத்தனை பேரின் முழு ஆண்டு உழைப்பு தேவைப்படுகிறது என்பதுதான் அந்தக் கணக்கு.

தரையில் அமைக்கிற பெரிய மின்நிலையத்துக்கு மெகாவாட்டுக்கு 3.45. அதைப் பிரித்தால்தான் விஷயம் தெரியும். வணிகம் பிடிப்பதற்கு 0.05, டிசைனுக்கும் முன்தயாரிப்புக்கும் 0.20, கட்டுமானத்துக்கு 2.70, பராமரிப்புக்கு 0.50. நூறு மெகாவாட் நிலையம் என்று வைத்துக்கொண்டால் கட்டும்போது 270 பேர், கட்டி முடித்த பிறகு 50 பேர். அதாவது கட்டுமானத்தில் இருந்த ஐந்து பேரில் ஒருத்தருக்குத்தான் அங்கேயே இடம். மீதி நாலு பேர் பெட்டியைக் கட்ட வேண்டும்.

மொட்டை மாடி சோலாரின் கணக்கு வேற மாதிரி. மெகாவாட்டுக்கு 24.72. டிசைனும் முன்தயாரிப்பும் மட்டும் 8.85, கட்டுமானம் 13.84. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு மெகாவாட்டைத் தரையில் போட்டால் ஒரே இடத்தில் வேலை முடிந்துவிடும். அதையே 3 கிலோவாட் வீடுகளாகப் போட்டால் முந்நூறு வீட்டுக்கு மேல் ஏறி இறங்கணும். ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீர் டேங்க் ஒரு பக்கம், தென்னை மர நிழல் ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனியாக அளவெடுக்கணும், தனி டிசைன், தனி மின்வாரிய விண்ணப்பம்.

பெரிய நிலையத்துக்கு நல்ல உதாரணம் நம்ம கமுதி. ராமநாதபுரம் மாவட்டத்தில் அதானி குழுமம் 2016-இல் முடித்த 648 மெகாவாட் நிலையம். சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள். எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள், சுமார் 8,500 பேர் வேலை செய்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது. இப்போது அங்கே பேனல் துடைப்பதற்கு ரோபோக்கள் ஓடுகின்றன. அந்த எட்டாயிரத்துச் சொச்சம் பேரும் அடுத்த சைட், அதற்கடுத்த சைட் என்று போயிருப்பார்கள்.

இது யாரோ செய்த சதி இல்லை. தொழிலின் இயல்பே இதுதான். பாலம் கட்டுவதும் இப்படித்தான். ஆனால் பாலம் கட்டப் போகிறவருக்கு இது முன்கூட்டியே தெரியும். சோலாருக்குப் போகிற பிள்ளைக்கு "25 வருஷ வாரண்டி உள்ள தொழில்" என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த 25 வருஷம் பேனலுக்கு, ஆளுக்கு இல்லை.

விலை இறங்கினால் எங்கே கடிக்கும்?

கமுதி நிலையத்தின் மின்சாரம் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்ற விலையில் ஒப்பந்தம் ஆனது. 2017 மே மாதம் ராஜஸ்தான் பாட்லாவில் நடந்த ஏலத்தில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. ஐந்தாறு வருஷத்தில் இவ்வளவு இறக்கம். நுகர்வோருக்கு நல்ல செய்தி.

இந்த இறக்கத்தில் பெரும்பங்கு பேனல் விலை குறைந்ததாலும், வட்டி குறைந்ததாலும் வந்தது. ஆனால் ஏலத்தில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே விலைக்குத்தான் பேனல் வாங்குகிறார்கள். அப்படியானால் ஒருவர் மற்றவரை விடக் குறைத்துக் கேட்பதற்கு எங்கே இடம் இருக்கிறது? ஸ்ட்ரக்சர், கேபிள், கூலி. இதில் இரும்புக்கும் கேபிளுக்கும் கீழே ஒரு வரம்பு உண்டு. கூலியைத்தான் ஆளுக்கு ஆள் கைமாற்றிவிடலாம்.

எங்க ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தர் டிப்ளமோ எலக்ட்ரிகல். வெளி மாநில சைட் ஒன்றுக்குப் போனார். ஹெல்மெட்டில் பெரிய கம்பெனி பெயர். வேலை கொடுத்தது அந்தக் கம்பெனியிடம் கட்டுமானம் எடுத்த இன்னொரு கம்பெனி. அவர்களிடம் வயரிங் மட்டும் எடுத்தவர் ஒரு காண்ட்ராக்டர். அவரிடம் ஆள் சப்ளை எடுத்த மேஸ்திரிதான் கையில் பணம் கொடுத்தார். பதினாலு மாசம் வேலை பார்த்துவிட்டு வந்தவரிடம் ஒரு அனுபவச் சான்றிதழ் இல்லை, சம்பள ரசீது இல்லை. அடுத்த இண்டர்வியூவில் அவர் மறுபடியும் ஃப்ரெஷர்.

எனக்கு இதில் உறைத்தது சம்பளம் கூட இல்லை. எங்க சாஃப்ட்வேர் துறையிலும் ஆயிரம் குறை உண்டு. ஆனால் ஒரு வருஷம் வேலை பார்த்தால் அது ஒரு வருஷ அனுபவம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த கம்பெனியில் அதை வைத்துப் பேரம் பேசலாம். இங்கே உழைப்பு போய்விடுகிறது, அதன் பதிவும் சேர்ந்து போய்விடுகிறது.

வேலைக் கலாச்சாரம் என்றால் என்ன?

ஐ.டி.யில் வேலைக் கலாச்சாரம் என்றால் மேனேஜர் எப்படிப் பேசுவார், லீவு கிடைக்குமா, சனிக்கிழமை வரணுமா என்று நினைப்போம். சோலாரில் அதற்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "வேண்டாம், இப்போ ஏறக் கூடாது" என்று சொல்ல அங்கே யாருக்கு உரிமை இருக்கு?

காரணம் இதுதான். வீட்டு வயரிங்கில் மெயினை அணைத்தால் லைன் செத்துவிடும். சோலாரில் இன்வெர்ட்டரை அணைக்கலாம், மின்வாரிய இணைப்பைத் துண்டிக்கலாம். ஆனால் வெயில் அடிக்கிற வரைக்கும் பேனலில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். சூரியனுக்கு மெயின் ஸ்விட்ச் கிடையாது. பேனல்களை வரிசையாக இணைக்கும்போது தொழிற்சாலை மாடிகளில் 1,000 வோல்ட் வரை, பெரிய நிலையங்களில் 1,500 வோல்ட் வரை போகும். அதுவும் நேர்மின்னோட்டம். வீட்டு மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போவதால் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. நேர்மின்னோட்டத்தில் அது கிடையாது. கனெக்டரைச் சரியாக இறுக்காமல் விட்டால், வேற வேற கம்பெனி கனெக்டர்களைக் கலந்து மாட்டினால், அந்த இடம் சூடாகிச் சூடாகி ஒரு நாள் பற்றிக்கொள்ளும்.

இதோடு உயரம். தொழிற்சாலைக் கூரை என்றால் சிமெண்ட் ஷீட்டும் தகரமும். ஷீட்டின் நடுவில் கால் வைத்தால் உடைந்துவிடும், பர்லின் மேல்தான் நடக்கணும். மழை பெய்து ஈரமாக இருந்தால் தகரம் வழுக்கும்.

அவசரம் எப்போது வரும் தெரியுமா? மார்ச் கடைசியும் செப்டம்பர் கடைசியும். வருமான வரியில் சோலாருக்கு 40 சதவீதம் தேய்மானக் கழிவு உண்டு. ஆனால் நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த வருஷம் பாதிதான் கிடைக்கும். அதனால் முழுக் கழிவு வேண்டியவர் அக்டோபர் தொடங்கும் முன் ஓட்டணும் என்பார், பாதியாவது வேண்டியவர் மார்ச் 31-க்குள் முடிக்கணும் என்பார். ஆடிட்டர் அறையில் தொடங்குகிற அவசரம் கடைசியில் மாடி விளிம்பில் நிற்கிறவர் தலையில் இறங்கும்.

நல்ல கம்பெனியா இல்லையா என்பது அந்தக் கடைசி வாரத்தில்தான் தெரியும். இடுப்பில் கட்டுகிற பாதுகாப்புப் பெல்ட் ஸ்டோரில் பத்திரமாக இருக்கிறதா, ஆள் மேல் இருக்கிறதா? பெல்ட்டை மாட்ட ஒரு கயிறு இழுத்திருக்கிறார்களா? "ஈரமா இருக்கு, காலையில பார்ப்போம்" என்று சொன்ன டெக்னீஷியனுக்கு அடுத்த சைட் கிடைத்ததா, இல்லையா? எங்க துறையில் தப்பு நடந்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போகலாம். கூரையில் அப்படி ஒரு பட்டன் இல்லை.

ஏணியில் காணாமல் போன படி

சரி, வளர்ச்சிக்கு வருவோம். பி.இ. முடித்தவருக்கு ஏணி தெளிவாக இருக்கிறது. ட்ரெய்னி, டிசைன் என்ஜினியர், ப்ராஜெக்ட் மேனேஜர் என்று போகலாம். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு?

மத்திய அரசு 2015-இல் சூர்யமித்ரா என்று ஒரு பயிற்சித் திட்டம் கொண்டு வந்தது. தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்துகிறது. 600 மணி நேரம், சுமார் மூன்று மாதம். எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் மாதிரி ஐ.டி.ஐ. முடித்தவர்கள் சேரலாம். நல்ல திட்டம்தான், உள்ளே நுழைய ஒரு கதவு. ஆனால் கதவைத் தாண்டியதும் மாடிப்படி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. ஹெல்பர், டெக்னீஷியன், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் சைட் சூப்பர்வைசர். பல கம்பெனிகளில் அதோடு நின்றுவிடும். அதற்கு மேலே "டிகிரி இருக்கா?" என்று கேட்பார்கள்.

இங்கே தமிழ்நாட்டில் ஏற்கனவே இருக்கிற ஓர் ஏணியைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ்கள். மின் கம்பியாள் உதவியாளர், மின் கம்பியாள், மேற்பார்வையாளர் என்று படிப்படியாக உண்டு. அதற்கு மேலே மின் ஒப்பந்ததாரர் உரிமம். கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்குப் பெரிய படிப்பு கேட்பதில்லை. வயரிங் தொழிலில் ஐந்து வருஷ அனுபவம், 21 வயது நிரம்பியிருக்கணும். வயது உச்சவரம்பு கிடையாது. டிப்ளமோக்காரர்கள் உரிய அனுபவத்தோடு மேற்பார்வையாளர் சான்றிதழுக்கே விண்ணப்பிக்கலாம்.

சோலாருக்கு இதனால் என்ன? மின் அமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்யணும் என்பது சட்டம். அதாவது அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை இருக்கிறது. கம்பெனி கொடுக்கிற "சீனியர் டெக்னீஷியன்" பட்டம் கம்பெனியோடு போய்விடும். வாரியச் சான்றிதழ் உங்க பெயரில் இருக்கும்.

இரண்டாவது படி, தரவு. இது எனக்குத் தெரிந்த பக்கம் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். 10 கிலோவாட் மாடி ஒன்று நல்ல வெயில் நாளில் 40 யூனிட் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 32 என்று வைத்துக்கொள்வோம். "பேனலைக் கழுவுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகிற டெக்னீஷியன் ஒரு ரகம். இன்வெர்ட்டரில் இரண்டு வரிசையின் மின்னோட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறவர் இன்னொரு ரகம். இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் தூசி. ஒன்று மட்டும் நாள் முழுக்க இறங்கியிருந்தால் கனெக்டர் அல்லது பேனல் பழுது. தினமும் மூன்று மணிக்கு மேல் மட்டும் இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கட்டின மாடி அறையின் நிழல். இதற்கு புரோகிராமிங் தெரிய வேண்டாம். மொபைல் ஆப்பில் வருகிற வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். இதைப் படிக்கத் தெரிந்தவரைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிடுவார்கள்.

பெண்கள் எங்கே?

இந்தியாவில் மொட்டை மாடி சோலார் துறையில் பெண்களின் பங்கு 11 சதவீதம்தான் என்று 2019-இல் வந்த ஒரு ஆய்வு சொன்னது. அதே சமயம் உலக அளவில் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் அது 32 சதவீதம். கங்கைகொண்டான் மாதிரி ஆலைகளில் பெண்களே அதிகம். ஆனால் சைட்டில் பார்க்க முடியாது. "மாடி ஏற மாட்டாங்க" என்பார்கள். ராஜஸ்தானில் திலோனியா கிராமத்து பேர்ஃபுட் கல்லூரி எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கே ஆறு மாதத்தில் சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுத்தது. அதனால் திறமை பற்றிய பேச்சை விட்டுவிடலாம். சைட்டில் கழிப்பறை உண்டா, இருட்டிய பிறகு வீடு திரும்ப வண்டி உண்டா? இரண்டுக்கும் பதில் "இல்லை" என்றால் அங்கே பெண்கள் எப்படி வருவார்கள்?

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேலை

இதெல்லாம் படித்துவிட்டு "அப்போ போக வேண்டாமா?" என்று கேட்டால், போகலாம். எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்து போகணும்.

கர்நாடகத்தில் ஹரிஷ் ஹண்டே 1995-இல் தொடங்கிய செல்கோ நிறுவனம் கிராமத்து வீடுகளுக்கு சோலார் விளக்கு விற்றது. வாடிக்கையாளர் வீட்டுக்குப் பக்கத்திலேயே சர்வீஸ் கிளை, அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த டெக்னீஷியன் என்பதுதான் அவர்கள் வழி. ஹண்டேவுக்கு 2011-இல் மகசேசே விருது கிடைத்தது. விற்றுவிட்டு ஓடுகிற வியாபாரமாக இல்லாமல், திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற சேவையாக வைத்தால் டெக்னீஷியனுக்கும் ஒரே ஊரில் நிலையான வேலை அமையும்.

நம்ம பக்கமும் அதற்கு இடம் வருகிறது. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். குசும் திட்டத்தில் மானியத்தோடு வருகிற சோலார் பம்புகளுக்கு நிறுவிய நிறுவனமே ஐந்து வருஷம் பராமரிக்கணும். வேர்க்கடலைக் கொல்லையில் நின்றுபோன பம்பைப் பார்க்க சென்னையில் இருந்தா ஆள் வரணும்? தேசூரில் ஒருத்தர் இருந்தால் போதாதா?

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வேலை உத்தரவு யார் பெயரில்? ஹெல்மெட்டில் இருக்கிற பெயரா, வேற பெயரா?

2. பி.எஃப். உண்டா? உங்க யு.ஏ.என். எண் என்ன? காண்ட்ராக்டர் மாறினாலும் இந்த எண் மாறாது. எந்த மாசம் யார் பணம் கட்டினார் என்று அதில் பதிவாகும். அனுபவச் சான்றிதழ் தராதவரிடம் வேலை பார்த்ததற்கும் அது ஒரு சாட்சி.

3. இ.எஸ்.ஐ. உண்டா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு உண்டு. உங்க பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உயரத்தில் வேலை பார்க்கிறவர் இதை விடவே கூடாது.

4. முதல் வாரம் பயிற்சியா, நேராக மாடியா?

5. இந்த சைட் முடிந்ததும் எங்கே? நடுவில் வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா?

6. ஹெல்பராகச் சேர்ந்து இப்போது சூப்பர்வைசராக இருக்கிறவர் யாராவது உண்டா? உண்டென்றால் அவரோடு ஐந்து நிமிஷம் பேசுங்க. மற்ற ஐந்து கேள்விக்கும் அவரிடமே பதில் கிடைத்துவிடும்.

அந்தப் பதினாலு மாசத் தம்பிக்கு நான் சொன்னது இன்னொன்றும் உண்டு. ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். எந்த ஊர், எத்தனை கிலோவாட், எந்த இன்வெர்ட்டர், நீ செய்தது என்ன, வந்த பழுது என்ன, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சைட்டுக்கு ஒரு பக்கம். தேதியோடு, முடிந்தால் ஒரு போட்டோவோடு. இப்போது திண்டிவனம் பக்கம் ஒரு சின்ன நிறுவனத்தில் வீட்டு மாடி வேலை பார்க்கிறார். சம்பளம் வெளி மாநிலத்தில் வாங்கியதை விடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பி.எஃப். பிடிக்கிறார்கள், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிறார். மேற்பார்வையாளர் சான்றிதழுக்கு என்னென்ன காகிதம் வேணும் என்று போன வாரம் கேட்டார். நோட்டில் இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.